புதுக் காலேஜில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சாய்ஸ் கொடுக்கும் முன் தேடிப் பார்க்கும் வழி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இன்ஜினியரிங் கவுன்சலிங் முடியும் வரை சொந்தக்காரர்களிடமிருந்து வரும் ஃபோன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அந்தப் புதுக் காலேஜ் எப்படிப்பா? கட்டடம் பிரமாதமா இருக்கு, வீட்டு வாசலுக்கே பஸ் வருது, பிளேஸ்மென்ட் நூறு சதவீதம்னு போட்டிருக்கான்." கட்டடமும் பஸ்ஸும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதாகச் சொன்னதைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டும், அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிண்டி மாதிரி 1794-ல் ஆரம்பித்த கல்லூரிக்கு இந்த வேலையெல்லாம் தேவையில்லை. அங்கே படித்தவர் ஒருவராவது நம் சொந்தத்தில் அல்லது தெருவில் இருப்பார். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் தொடங்கிய கல்லூரிக்கு அப்படி ஆள் கிடைக்காது, கிடைப்பது ஃப்ளெக்ஸ் போர்டுதான். டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்) பட்டியலில் நானூற்றுக்கும் மேல் கல்லூரிகள் இருக்கின்றன. அதில் உங்கள் கட்-ஆஃபுக்குள் வரும் நாலைந்து பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே உள்ளதைச் செய்தால் போதும். லேப்டாப்பும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பகுதி ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அதிகபட்ச பேக்கேஜ்' என்ற எண்ணை அடித்துவிடுங்கள். தெருவில் ஒருத்தர் பங்களா கட்டினால் தெருவே பணக்காரத் தெரு ஆகிவிடாது. நாம் தேடுவது நடுவில் இருக்கும் மாணவனை. கோல்டு மெடலும் வாங்காத, எட்டு அரியரும் வைக்காத, சாதாரணமாக 7.2 சி.ஜி.பி.ஏ.வோடு வெளியே வந்த பையன் அல்லது பொண்ணு இன்றைக்கு எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்? இனி வரும் ஒவ்வொரு படியும் அவரைக் கண்டுபிடிக்கத்தான்.

1. எத்தனை பேட்ச் வெளியே வந்திருக்கிறது?

கல்லூரி தொடங்கிய வருஷத்தோடு நாலைக் கூட்டுங்கள். 2018-ல் தொடங்கியிருந்தால் முதல் பேட்ச் 2022-ல்தான் வெளியே வந்திருக்கும். அங்கீகார விஷயங்களையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனியாகத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவே இரண்டு பேட்ச் முடித்திருக்க வேண்டும், மொத்தக் கல்லூரிக்கும் தரும் நாக் (என்.ஏ.ஏ.சி.) அங்கீகாரத்துக்கு ஆறு வருஷம் அல்லது இரண்டு பேட்ச், மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு மூன்று பேட்ச். அதனால் ஒரே ஒரு பேட்ச் வெளியே வந்த கல்லூரியிடம் இதெல்லாம் இல்லை என்றால் அது குற்றமில்லை. பதினைந்து வருஷம் ஆன கல்லூரியிடமும் இல்லையென்றால் ஏன் என்று நேராகவே கேளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, கல்லூரி பழையதாக இருந்தாலும் பிராஞ்ச் புதிதாக இருக்கலாம். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் பல கல்லூரிகளில் 2020-ஐ ஒட்டித்தான் வந்தது, அங்கே முதல் பேட்ச் வெளியே வந்ததே 2024-ல். அந்தக் கல்லூரி இருபது வருஷமாக மெக்கானிக்கலிலும் ஈ.சி.இ.யிலும் வாங்கிக் கொடுத்த வேலையைக் காட்டி ஏ.ஐ. சீட்டை நிரப்பினால், நீங்கள் சேரப் போகும் பிராஞ்சைப் பொறுத்தவரை அதுவும் புதுக் கல்லூரிதான்.

இன்னொன்று, டிரஸ்ட். ஒரே அறக்கட்டளை ஒரு பழைய கல்லூரியும் இரண்டு புதுக் கல்லூரியும் நடத்தும். கம்பெனிகள் வந்து மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் தேர்வு வைப்பார்கள். அப்புறம் புதுக் கல்லூரி வாசலில் தொங்கும் போர்டில் மூன்று கல்லூரிப் பிள்ளைகளின் முகமும் இருக்கும், மேலே சின்ன எழுத்தில் 'குழும நிறுவனங்கள்' என்று இருக்கும். படத்தில் இருப்பவர்களில் இந்த வளாகத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி புரிந்துவிடும்.

2. போர்டைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு கல்லூரியில் எல்லாரும் வந்து சுற்றிப் பார்க்கும் 'ஓபன் டே' அன்று அரங்கத்துக்கு வெளியே ஒரு பெரிய பேனர் வைத்திருந்தார்கள். வரிசையாகக் கம்பெனி லோகோ, லோகோவுக்குக் கீழே போட்டோக்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணாடி போட்ட, நீலச் சட்டைப் பையன் ஒருவனே மூன்று லோகோவுக்குக் கீழே இருந்தான். பொய் என்று சொல்ல முடியாது, அவனுக்கு நிஜமாகவே மூன்று ஆஃபர் வந்திருக்கும். ஆனால் வேலைக்குப் போனது ஒருவன், போர்டில் ஏறியது மூன்று. '412 ஆஃபர்கள்' என்று ஒரு போர்டு சொன்னால் அது 412 மாணவர்கள் இல்லை.

'நூறு சதவீதம்' என்பதற்கும் இப்படி ஒரு அடிக்குறிப்பு உண்டு, அதை யாரும் அச்சடிப்பதில்லை. எதில் நூறு? பெரும்பாலும் 'தகுதியுள்ள, பதிவு செய்த' மாணவர்களில். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம், அரியர் நிலுவை இல்லை என்று கம்பெனிகள் வைக்கும் வரம்பைத் தாண்டியவர்கள்தான் அந்தக் கணக்குக்குள் வருவார்கள். அரியர் வைத்தவர், வேலை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர் (சில இடங்களில் போட வைக்கப்பட்டவர்) எல்லாம் கணக்குக்கு வெளியே. வகுக்கும் எண்ணைச் சுருக்கினால் சதவீதம் தானாக ஏறும்.

அப்புறம் சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி ஒரு வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு. ஆஃபரில் ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரம் கையில் வரும் என்று அப்பா அம்மா கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேரியபிள் பே, ஒரே ஒரு முறை தரும் ஜாயினிங் போனஸ் எல்லாம் அந்த ஆறு லட்சத்துக்குள்தான். ஸ்டார்ட்-அப் என்றால் நாலு வருஷத்தில் பிரித்துத் தரும் பங்குகளின் மதிப்பையும் முதல் வருஷச் சம்பளத்தில் சேர்த்துச் சொல்வது உண்டு. பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள் சாதாரண ஃப்ரெஷருக்குக் கொடுப்பது பத்து வருஷத்துக்கும் மேலாக மூன்று, நாலு லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. அதனால் 'எங்கள் சராசரி எட்டு லட்சம்' என்று ஒரு புதுக் கல்லூரி சொன்னால், மீடியன் (எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு பேர் நாற்பது லட்சம் வாங்கினால் சராசரி எகிறும், மீடியன் அசையாது.

3. என்.ஐ.ஆர்.எஃப். பி.டி.எஃப்.பைத் திறங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான், ஆனால் பெற்றோரில் நூற்றில் ஐந்து பேர்கூட இதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம். என்.ஐ.ஆர்.எஃப்.பில் கலந்துகொள்ளும் கல்லூரி, தான் கொடுத்த தகவலைத் தன் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். தளத்தின் அடியிலோ மூலையிலோ என்.ஐ.ஆர்.எஃப். என்று ஒரு சுட்டி இருக்கும். ரேங்க் வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது ரேங்க் இல்லை, உள்ளே இருக்கும் ஒரே ஒரு அட்டவணை. 'பிளேஸ்மென்ட் அண்ட் ஹையர் ஸ்டடீஸ்' என்ற தலைப்பில், நாலு வருஷ யூ.ஜி. படிப்புக்கு, மூன்று வருஷங்களுக்கு மூன்று வரிசை இருக்கும்.

ஒரு வரிசையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். எண்கள் நான் கற்பனையாக வைத்தவை. அனுமதிக்கப்பட்ட இடம் 300. சேர்ந்தவர்கள் 180. இரண்டாம் வருஷத்தில் டிப்ளமோ முடித்து லேட்டரலாக வந்தவர்கள் 20. குறித்த காலத்தில் பாஸ் ஆனவர்கள் 120. வேலை கிடைத்தவர்கள் 84. அவர்களின் மீடியன் சம்பளம் 3,00,000. மேற்படிப்புக்குப் போனவர்கள் 12.

முதலில் 300-க்கு 180. இடத்தில் நாற்பது சதவீதம் காலி. அந்த வருஷத்துப் பிள்ளைகளே யோசித்திருக்கிறார்கள். அடுத்து, 180-ம் 20-ம் சேர்ந்து 200 பேர் உள்ளே போய், நாலு வருஷம் முடிந்த கையோடு டிகிரியோடு வெளியே வந்தது 120. மீதி 80 பேருக்கு அரியர், அல்லது படிப்பை விட்டுவிட்டார்கள். போர்டில் இந்த 80 பேர் எங்கேயும் கிடையாது. வேலையும் மேற்படிப்பும் சேர்த்தால் 96, அதாவது பாஸ் ஆனவர்களில் 80 சதவீதம், ஆனால் உள்ளே போனவர்களில் 48 சதவீதம். கல்லூரி முதல் எண்ணைச் சொல்லும். நீங்கள் உள்ளே போகப் போகிறவர், அதனால் உங்களுக்கு இரண்டாவது எண்தான். மீடியன் மூன்று லட்சம் என்றால் வேலை கிடைத்த 84 பேரில் பாதிப் பேர் அதற்குக் கீழே அல்லது அதே சம்பளத்தில் இருக்கிறார்கள்.

மூன்று வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது காலத்தையும் நினைவில் வையுங்கள். 2021, 2022-ல் ஐ.டி. கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போன நேரம், யார் போனாலும் ஆஃபர். 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமே மொத்த ஆள் எண்ணிக்கை குறைந்தது. ஆகவே 2022 பேட்ச் எண்ணை மட்டும் காட்டும் கல்லூரியை நம்ப வேண்டாம், 2024 பேட்சில் எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். எல்லாக் கல்லூரியிலும்தான் விழுந்திருக்கும், ஆனால் சில இடங்களில் கொஞ்சம் விழுந்திருக்கும், சில இடங்களில் பாதியாகப் போயிருக்கும்.

குறைகளும் உண்டு. இது கல்லூரியே கொடுக்கும் தகவல். எல்லா பிராஞ்சும் ஒன்றாகக் கலந்திருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேறு சிவில் வேறு என்று பிரித்திருக்காது. அதனால் இதோடு நிறுத்தாமல், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி சதவீதத்தையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்தப் பட்டியலில் இருக்காது, புதிய கல்லூரிகள் பெரும்பாலும் தன்னாட்சி வாங்கியிருக்காது என்பதால் நமக்கு அது வசதிதான். தேர்ச்சி முப்பது சதவீதத்தில் நிற்கும் கல்லூரியில் நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்றால் அந்த நூறு எவ்வளவு சின்ன நூறு என்று உங்களுக்கே தெரியும்.

அமெரிக்கக் கல்லூரிகள் இதே மாதிரி அறிக்கை வெளியிடும்போது இன்னொரு எண்ணையும் சொல்வது வழக்கம். படித்து முடித்தவர்களில் எத்தனை சதவீதம் பேரின் நிலவரம் கல்லூரிக்கே தெரியும் என்ற எண் அது. நம் ஊரிலும் ஒருநாள் அதைக் கேட்கப் பழகினால் பல போர்டுகள் கழன்று விழும்.

4. லிங்க்ட்இன்னில் தேடுங்கள்

கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்துக்குப் போய் 'அலும்னி' என்பதை அழுத்தினால் படித்து முடித்தவர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வகை வேலையில் என்று கட்டம் கட்டமாகக் காட்டும். ஆண்டைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் பேட்ச் வந்த வருஷத்தை மட்டும் போட்டு, ஒவ்வொரு பெயராகத் திறந்து பாருங்கள். முதல் வேலை என்ன என்பதை விட, இரண்டு மூன்று வருஷம் கழித்து எங்கே இருக்கிறார் என்பது முக்கியம். சர்வீஸ் கம்பெனியில் மூன்றரை லட்சத்தில் சேர்ந்தவர் மூன்றாம் வருஷம் ஒரு பிராடக்ட் கம்பெனிக்குத் தாவியிருந்தால் அங்கே ஏதோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறு மாசம் ஒரு இடம், எட்டு மாசம் ஒரு இடம், நடுவில் கோர்ஸ் என்று போனால் கேம்பஸில் கிடைத்த வேலை நிலைக்கவில்லை.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். எந்தக் கம்பெனியில் அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போது முதல் இடத்தில் அந்தக் கல்லூரியின் பெயரே வந்து நிற்கும். அங்கேயே எம்.இ. முடித்து அங்கேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்கள் அதில் இருப்பார்கள், அதுவும் 'பிளேஸ்மென்ட்'தான் என்று கணக்கு எழுதும் இடங்கள் உண்டு. இன்னொன்று, லிங்க்ட்இன்னில் இருப்பவர்கள் எல்லாம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேலை உள்ளவர்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருப்பவர், அப்பா கடையில் உட்கார்ந்தவர், கல்யாணமாகி வீட்டோடு இருப்பவர் அங்கே வரமாட்டார். 120 பேர் பாஸ் ஆன பேட்சில் லிங்க்ட்இன்னில் 35 பேர்தான் தெரிந்தால் மீதியைப் பற்றி நீங்களாக எதையும் முடிவு செய்ய வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

5. நாலு பேரிடம் பேசுங்கள்

லிங்க்ட்இன்னிலேயே, முதல் இரண்டு பேட்சிலிருந்து, உங்கள் பிராஞ்ச் ஆட்களாகப் பார்த்துச் சின்னதாக ஒரு மெசேஜ் போடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் அண்ணா. நான் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கேன், கட்-ஆஃப் 158. உங்க காலேஜ் ஈ.சி.இ.ய சாய்ஸ்ல வைக்கலாமான்னு பார்க்கிறேன். உங்க கிளாஸ்ல எத்தனை பேர், அதுல எத்தனை பேருக்குப் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள வேலை கிடைச்சுது? கேம்பஸ்ல வந்ததா, வெளியே தேடுனதா? நேரம் இருந்தா சொல்லுங்க அண்ணா."

அக்காவுக்கும் இதே மெசேஜ்தான். பத்து பேருக்கு அனுப்பினால் மூன்று நாலு பேர் பதில் சொல்வார்கள், புதுக் கல்லூரியில் முதல் பேட்சாகப் படித்தவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும், ஃபோனிலேயே கூப்பிட்டுவிடுவார்கள். 'காலேஜ் நல்லாயிருக்கா' என்று கேட்காதீர்கள், 'பரவாயில்லப்பா' என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆள் எண்ணிக்கை கேளுங்கள். ஆஃபர் லெட்டர் வந்தும் ஜாயினிங் தேதி வராமல் காத்திருந்தவர்கள் உண்டா, வேலைக்கு முன்னால் பயிற்சி என்று பணம் வாங்கினார்களா, இத்தனை வருஷம் வேலையை விடக் கூடாது என்று பாண்டு கையெழுத்து உண்டா, அசல் சான்றிதழைப் பிடித்து வைத்தார்களா, இதையெல்லாம் கேளுங்கள்.

முதல் பேட்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் பேட்ச் மேல் நிர்வாகம் தனிக் கவனம் வைக்கும், முதலாளியே கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டு நாற்பது பேரை எப்படியாவது உள்ளே தள்ளிவிடுவார். மூன்றாம் பேட்சில் ஆள் முந்நூறு ஆகும்போது அந்த ஃபோன் வேலை செய்யாது. எதிர்ப்பக்கமும் உண்டு, முதல் பேட்சில் லேப் பாதி காலி, ஆசிரியர் வருஷத்துக்கு ஒருவர், அடுத்தடுத்து சரியாகிவிட்டது என்று இரண்டாம் பேட்ச் சொல்லும். அதனால்தான் இரண்டு பேட்சிலும் ஆள் பிடிக்கச் சொல்கிறேன்.

6. மேற்படிப்பு யோசனை இருந்தால்

இதில் புதுக் கல்லூரிப் பிள்ளைகள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் டிகிரி சான்றிதழ் தருவது அண்ணா பல்கலைக்கழகம்தான், கல்லூரி தொடங்கி ஐந்து வருஷமா ஐம்பது வருஷமா என்பது டிகிரியின் செல்லுபடியைத் தொடாது. புதிய தனியார் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு, அங்கே டிகிரி அவர்கள் பெயரிலேயே வரும். ஜெர்மனி போகும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஜெர்மனி பட்டியலிடும் 'அனபின்' என்ற தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். புதிய பல்கலைக்கழகங்கள் அதில் ஏறியிருக்காமல் இருக்கலாம். ஜெர்மனிக்கு, உங்கள் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம்.

உள்நாட்டில் கேட் தேர்வு இருக்கிறது. எம்.டெக். சீட்டு ஒதுக்கும்போது பெரும்பாலும் ஸ்கோர்தான் பேசும், ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும், மூன்றாம் வருஷம் படிக்கும்போதே எழுதலாம், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அண்ணா பல்கலைக்கழக எம்.இ.க்கு 2023-லிருந்து 'சீட்டா' என்ற நுழைவுத் தேர்வு. கல்லூரி '30 பேர் கேட் குவாலிஃபைட்' என்று போர்டு வைத்தால் அதில் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள், ஏனென்றால் பல பாடங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது எடுத்தாலே குவாலிஃபைட். சீட் அதற்கு ரொம்ப மேலே. 'மேற்படிப்பு 12 பேர்' என்ற எண்ணுக்குள்ளும் பாருங்கள். அதே கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்ந்தவரும் 12-ல் ஒருவர்தான்.

வெளிநாட்டில் எம்.எஸ். போனவர்களைக் காட்டினால் நான் அவ்வளவாக அசர மாட்டேன். கடன் வாங்கிக் கட்டணம் கட்டத் தயார் என்றால் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடும், கன்சல்டன்சிகளே பார்த்துக்கொள்ளும். உதவித்தொகையோடு போனவர், பி.எச்டி.க்குப் போனவர் யாராவது உண்டா? ஒரே ஒருவர் இருந்தாலும் அவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பரிந்துரைக் கடிதம் யார் கொடுத்தார்கள் என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. புதுக் கல்லூரியில் சிக்கல் அங்கேதான். பேராசிரியர் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால் நாலாம் வருஷம் உங்களைத் தெரிந்தவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து மேலே போனவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து கடிதம் வாங்கியவர்கள், கோடை விடுமுறையில் ஐ.ஐ.டி. சென்னையிலோ, இந்திய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்திலோ இரண்டு மாசம் ஒரு பேராசிரியரிடம் வேலை செய்தவர்கள். இந்த வழி உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

7. சாய்ஸில் எங்கே வைப்பது?

நோட்டில் ஒவ்வொரு கல்லூரிக்கும் நாலு எண் எழுதுங்கள். உள்ளே போனவர்களில் எத்தனை சதவீதம் பேர் குறித்த காலத்தில் வெளியே வந்தார்கள், அவர்களில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர்கள் எத்தனை சதவீதம், மீடியன் சம்பளம், நீங்கள் பேசிய சீனியர் சொன்ன வகுப்புக் கணக்கு. கடைசி எண்ணும் முதல் மூன்றும் ரொம்ப முரண்பட்டால் நான் சீனியரைத்தான் நம்புவேன்.

கவுன்சலிங்கில் இடம் ஒதுக்குவது உங்கள் ரேங்க்படி, நீங்கள் கொடுத்த வரிசைப்படி. மேலே இருக்கும் சாய்ஸ் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் பார்க்காது. அதனால் எண்ணே கிடைக்காத, என்.ஐ.ஆர்.எஃப். பக்கமும் இல்லாத, சீனியர் ஒருவரும் பதில் சொல்லாத கல்லூரியை 'இருக்கட்டுமே' என்று நடுவில் சொருகாதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் வையுங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேரச் சொல்லி மே மாசமே முன்பணம் கேட்டால், உங்கள் கட்-ஆஃபுக்கு அதே கல்லூரியில் அதே பிராஞ்ச் கவுன்சலிங்கில் போன வருஷம் எந்த ரவுண்டு வரை கிடைத்தது என்று டி.என்.இ.ஏ. தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். பல புதுக் கல்லூரிகளில் கடைசி ரவுண்டு முடிந்த பிறகும் அந்த சீட் காலியாகவே கிடந்திருக்கும்.